ஒரு ஸ்டார் பிளேயரால பெரிய மேட்ச்ல டீமைத் தூக்கிட்டுப் போக முடியுமா?

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றுச் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு பாஸ்கெட்பால். கிரிக்கெட் இல்லாத எபிசோடான்னு ஓடிடாதீங்க, கிரிக்கெட்டும் நடுவுல கொஞ்சம் வரும்.

மூணு வாரத்துக்கு முன்னாடி ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினது எங்க ஸ்கூல் டீம் கேப்டன். இப்போ ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். "மச்சான், எங்க அக்கா பையன் இப்ப ஸ்கூல் டீம்ல ஆடுறான். நல்லா ஆடுறான். கோச் எல்லாப் பாலையும் அவன்கிட்டயே குடுக்கச் சொல்றாராம். ஃபைனல் வருது. தனியா ஜெயிச்சுக் குடுக்க முடியுமா மாமான்னு கேக்குறான். என்னைப் போய்க் கேக்குறான் பாரு. நான் என்னடா சொல்றது?"

"என்னைப் போய்க் கேக்குறான் பாரு"ன்னு சொல்லிட்டு சிரிச்சான். அந்தச் சிரிப்பு ஏன்னு எனக்குத் தெரியும்.

நாங்க பிளஸ் டூ படிக்கும்போது ஒரு ஃபைனல். எதிர்ல வேலூர் டவுன் ஸ்கூல் ஒண்ணு. சிமென்ட் கோர்ட், சாயங்காலம் நாலு மணி. வேலூர் வெயில் தெரிஞ்சவங்களுக்கு நாலு மணின்னா என்னன்னு தெரியும். அன்னைக்கு நாங்க 52க்கு 49 தோத்தோம். அந்த 49ல 31 எங்க கேப்டன் போட்டது. கடைசி 40 வினாடியில ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம், பால் எங்ககிட்ட இருந்துச்சு. அதை அவன் இழந்தான். அவங்க ஓடிப்போய் கடைசி ரெண்டு பாயிண்டைப் போட்டாங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பிளேயர் எடுக்க சென்னையிலேர்ந்து ஒரு காலேஜ் கோச் வந்திருந்தார், அவரும் பார்த்துட்டுதான் இருந்தார். அந்த சீட் கிடைக்கல. அதுக்கப்புறம் ஊர்ல ஒரே பேச்சு: "பையன் நல்ல பிளேயர்தான், ஆனா பெரிய மேட்ச்ல சொதப்பிடுவான்."

அது உண்மையா? இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

ஒரு ஆளுக்கு ஏன் இவ்வளவு எடை?

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். டி20 கிரிக்கெட்ல ஒரு அணி வீசுறது 120 பந்து. உலகத்திலேயே சிறந்த பவுலரா இருந்தாலும் அவருக்கு 24 பந்துதான், அதாவது அஞ்சுல ஒரு பங்கு. சிறந்த பேட்ஸ்மேன் முதல் பந்துலயே அவுட்டானா, அவரோட பேட்டிங் அத்தோட முடிஞ்சுது. கபடியில ரெய்டர் தனியாத்தான் போறார். ஆனா பிடிபட்டா வெளியே உட்காரணும். அவரைத் திரும்ப உள்ளே கொண்டு வர, மத்தவங்க எதிரணியில ஒருத்தரை அவுட்டாக்கணும்.

பாஸ்கெட்பால்ல இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. கோர்ட்ல ஒரு அணிக்கு அஞ்சு பேர்தான். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிஷம், அமெரிக்காவோட என்பிஏ-வில் 48 நிமிஷம். ஸ்டார் பிளேயர் நினைச்சா கிட்டத்தட்ட முழு நேரமும் நிற்கலாம். ஒவ்வொரு தடவையும் பால் அவர்கிட்டேயே வரலாம். மிஸ் பண்ணினாலும் அடுத்த நிமிஷம் திரும்ப ஷூட் பண்ணலாம். குழு விளையாட்டுகள்ல ஒரு தனி ஆளுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற ஆட்டம் ரொம்பக் குறைவு.

அதனால, 'ஒரே ஆள் தூக்கிட்டுப் போறது' வெறும் சினிமா கிடையாது. நடந்திருக்கு. 1998 என்பிஏ ஃபைனல்ஸ், ஆறாவது ஆட்டம். சிகாகோ புல்ஸ் 87, யூட்டா ஜாஸ் 86. அந்த 87ல மைக்கேல் ஜோர்டான் மட்டும் 45, பாதிக்கும் மேல. துணைக்கு இருக்க வேண்டிய ஸ்காட்டி பிப்பன் முதுகு வலியோட நகரவே கஷ்டப்பட்டார். கடைசியில எதிரணியோட கார்ல் மலோன் கையிலேர்ந்து பாலைத் தட்டிப் பறிச்சதும் ஜோர்டான்தான், அடுத்து ஜெயிக்கிற கூடையைப் போட்டதும் ஜோர்டான்தான்.

2021 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம், மில்வாக்கி பக்ஸ் அணியோட யானிஸ் 50 பாயிண்ட். அணியோட மொத்தம் 105. ஃப்ரீ த்ரோ சரியா போட வராதுன்னு கிண்டல் பண்ணப்பட்டவர், அன்னைக்கு 19ல 17 போட்டார். கோப்பை வந்துச்சு.

அதே அளவு தூக்கினவங்க, ஆனா தோத்தவங்க

இப்ப இன்னொரு கணக்கு. 1986 ஏப்ரல் 20, பாஸ்டன். பிளேஆஃப் ஆட்டம். அதே ஜோர்டான், வயசு 23, அடிச்சது 63 பாயிண்ட். ரெண்டு கூடுதல் நேரம் வரைக்கும் போய் சிகாகோ 131, பாஸ்டன் 135. தோல்வி. அந்தத் தொடரையே 3-0ன்னு இழந்தாங்க.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. யானிஸ் 105ல 50 போட்டார். ஜோர்டான் 131ல 63. ரெண்டுமே அணியோட மொத்தத்துல சுமார் 48 சதவீதம். சுமந்த எடை ஒண்ணுதான். ஆனா யானிஸோட அணி எதிரணியை 98ல நிறுத்துச்சு. ஜோர்டானோட அணி, கூடுதல் நேரத்தையும் சேர்த்து, 135 விட்டுக்கொடுத்துச்சு. ஒருத்தர் எவ்வளவு போட்டார்னு மட்டும் பார்த்தா அவங்க ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு சொல்லவே முடியாது.

இந்த வரிசையில இன்னும் பேர் இருக்கு. 1969 ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டத்துல லேக்கர்ஸ் அணியோட ஜெர்ரி வெஸ்ட் 42 பாயிண்ட் போட்டும், அணி ரெண்டே பாயிண்ட்ல தோத்துச்சு. ஃபைனல்ஸின் சிறந்த வீரர் விருது அவருக்கே போனது. தோத்த அணியிலிருந்து அந்த விருதை வாங்கினவர் இன்னைக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான்.

2015ல லெப்ரான் ஜேம்ஸ். கூட ஆட வேண்டிய கெவின் லவ் முன்கூட்டியே காயத்துல போயிட்டார். கைரி இர்விங் முதல் ஆட்டத்தோட போயிட்டார். லெப்ரான் ஆட்டத்துக்குச் சராசரியா 35.8 பாயிண்ட், 13.3 ரீபவுண்ட், 8.8 அசிஸ்ட். தொடர்ல 2-1ன்னு முன்னிலைகூட வாங்கிக் கொடுத்தார். அதுக்கப்புறம் வரிசையா மூணு ஆட்டம் தோல்வி. அவர் போட்ட ஷாட்டுகள்ல உள்ளே போனது 40 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. ஒவ்வொரு ஆட்டத்துலயும் கிட்டத்தட்ட 46 நிமிஷம் ஓடின ஒரு மனுஷனோட கால் அது. அடுத்த வருஷம் இர்விங் திரும்பி வந்தார். அஞ்சாவது ஆட்டத்துல ரெண்டு பேரும் ஆளுக்கு 41 போட்டாங்க. ஏழாவது ஆட்டத்துல, கடைசி நிமிஷத்துல, தீர்மானிக்கிற மூணு பாயிண்டரைப் போட்டது லெப்ரான் இல்ல, இர்விங். கோப்பை.

எதிரணி என்ன செய்யும்?

சாதாரண மேட்ச்சுக்கும் பெரிய மேட்ச்சுக்கும் உள்ள வித்தியாசம் பதற்றம் மட்டும் இல்ல. பெரிய மேட்ச்னா எதிரணி உங்களைப் படிச்சுட்டு வந்திருக்கும்.

1980களோட கடைசியில டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், ஜோர்டானுக்குன்னே தனியா விதிகள் எழுதி வெச்சிருந்தாங்க. எந்தப் பக்கம் தள்ளணும், எப்போ ரெண்டாவது ஆள் வரணும், எப்போ இடிச்சுக் கீழே தள்ளணும், எல்லாமே. 1988லேர்ந்து மூணு வருஷம் தொடர்ந்து அவரை வெளியே அனுப்பினாங்க. சிகாகோ எப்போ தாண்டினாங்க? பால் எல்லார் கையிலயும் சுத்துற முறைக்கு மாறின பிறகு, 1991ல.

2019ல டொரான்டோ இன்னும் பழைய ஆயுதத்தை எடுத்தாங்க. 'பாக்ஸ் அண்ட் ஒன்'. நாலு பேர் சதுரமா நின்னு கூடையைக் காப்பாங்க, அஞ்சாவது ஆள் ஸ்டாரோட நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டே இருப்பார். ஸ்கூல் மேட்ச்ல பார்க்கிற உத்தி. அதை ஸ்டீஃபன் கரி மேல போட்டாங்க, அதுவும் ஃபைனல்ஸ்ல! மூணாவது ஆட்டத்துல, கெவின் டுரான்ட்டும் கிளே தாம்சனும் காயத்துல இல்லாத அணியில, கரி 47 போட்டார். 123-109ன்னு தோத்தாங்க.

இதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு ரொம்ப எளிமை. கற்பனையா சில எண்களை எடுத்துப்போம். ஸ்டார் தனியா ஒருத்தரை எதிர்கொண்டா நூத்துக்கு 50 ஷாட் உள்ளே போகும். ரெண்டு பாயிண்ட் ஷாட்னா, ஒரு ஷாட்டுக்குச் சராசரி ஒரு பாயிண்ட். ரெண்டு பேர் மறிச்சா அது நூத்துக்கு 36 ஆகுதுன்னு வைங்க, அப்ப சராசரி 0.72. இந்தப் பக்கம் மூலையில யாருமே மறிக்காம நிக்கிற சுமாரான பிளேயர் நூத்துக்கு 42 போடுறார், அவரோட சராசரி 0.84. அதாவது, ரெண்டு பேர் மறிச்ச ஸ்டாரை விட, ஆளில்லாம நிக்கிற சுமாரான பிளேயர்தான் அந்த நொடியில நல்ல ஷாட்.

ரெண்டு பேர் ஒருத்தர் மேல போனா, மிச்சம் மூணு பேர் நாலு பேரைக் காக்கணும். ஸ்டாரோட உண்மையான பலமே அதுதான்: அவர் ஷூட் பண்ணாமலேயே ஒருத்தரை ஃப்ரீயாக்கிடுறார். ஆனா ஃப்ரீயா நிக்கிறவர் ஷூட் பண்ணணும். அவர் பயந்துட்டா அந்தப் பலம் வீண்.

எங்கம்மாவோட லைன்

எங்கம்மா இருபது வருஷமா ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங் செக்‌ஷன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் இருக்கிற நேயர்களுக்கு இதை விளக்க வேண்டாம், வீட்டுக்கு ஒருத்தராவது டேனரியிலயோ ஷூ கம்பெனியிலயோ இருப்பாங்க. மத்தவங்களுக்குச் சொல்றேன்: தோலை வெட்டுறது ஒருத்தர், ஓரத்தை மெலிசாக்குறது ஒருத்தர், மேல்பகுதியைத் தைக்கிறதே பல கை, அதுக்கப்புறம் சோல் ஒட்டுறது, ஃபினிஷிங். எல்லாம் ஒரே வரிசை. அம்மா சொல்வாங்க: "நான் எவ்வளவு வேகமா தைச்சாலும் அடுத்த மிஷின்ல போய்க் குவியத்தான் செய்யும். லைன்ல யாரு மெதுவோ, அவங்க வேகம்தான் லைனோட வேகம்."

விளையாட்டை ஆராய்ச்சி பண்றவங்களும் இதேதான் பேசுறாங்க. கிறிஸ் ஆண்டர்சன், டேவிட் சாலின்னு ரெண்டு பேர் 2013ல 'தி நம்பர்ஸ் கேம்'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. கால்பந்து 'பலவீனமான கண்ணி' ஆட்டம்னு அவங்க வாதம். சிறந்த பிளேயரை இன்னும் சிறப்பாக்குறதை விட, மோசமான பிளேயரைக் கொஞ்சம் தேத்தினா அணிக்கு லாபம் அதிகம். பாஸ்கெட்பால் அதுக்கு நேரெதிர், 'பலமான கண்ணி' ஆட்டம்னு பொதுவா சொல்வாங்க.

என் கருத்து என்னன்னா, பாஸ்கெட்பால் பாதிதான் அப்படி. பால் உங்க கையில இருக்கும்போது அது பலமான கண்ணி ஆட்டம், யார்கிட்ட கொடுக்கணும்னு நீங்க முடிவு பண்ணலாம். பால் எதிரணி கையில இருக்கும்போது அவங்க முடிவு பண்றாங்க, யாரைத் தாக்குறதுன்னு. உங்க அஞ்சு பேர்ல யார் மெதுவா நகர்றாரோ, யார் குள்ளமோ, அவரையே தேடித்தேடி வருவாங்க. டிஃபென்ஸ்ல பாஸ்கெட்பாலும் எங்கம்மாவோட லைன்தான். இன்னொரு தந்திரமும் உண்டு: உங்க ஸ்டார் மேலயே இடிச்சுட்டுப் போவாங்க. சர்வதேச விதியில அஞ்சு ஃபவுல் ஆனா வெளியே. மூணு ஆனவுடனே ஸ்டார் கையைத் தூக்கவே யோசிப்பார்.

நம்ம நாட்டுக் கதை

2014 ஜூலை, சீனாவோட வூஹான் நகரம், ஆசியக் கோப்பை. இந்திய ஆண்கள் அணி சீனாவை அவங்க சொந்த மண்ணுல 65-58ன்னு ஜெயிச்சுது. அந்த அணியில விஷேஷ் பிருகுவன்ஷி, அம்ஜோத் சிங், அம்ரித்பால் சிங்னு நட்சத்திரங்கள் இருந்தாங்க. ஆனா இதுல பார்க்க வேண்டியது 65 இல்ல, 58. பாஸ்கெட்பால்ல சீனாவை 58ல நிறுத்துறது ஒரு ஆளால முடியாது.

2017 ஜூலை, பெங்களூரு. மகளிர் ஆசியக் கோப்பை, டிவிஷன் பி ஃபைனல். இந்தியா 75, கஜகஸ்தான் 73. ஒரே ஒரு கூடை வித்தியாசம். இப்படி ஒரு ஸ்கோர்ல யார் போட்ட ரெண்டு பாயிண்ட் ஜெயிக்க வெச்சுதுன்னு சொல்லுங்க பார்ப்போம். முதல் நிமிஷத்துல போட்டதும் அதே ரெண்டுதான்.

ஆனா எதிர்ப்பக்க உதாரணத்தையும் சொல்லணும். 2018 ஜனவரி, சென்னையில தேசிய சாம்பியன்ஷிப். மகளிர் ஃபைனல்ல ரயில்வேஸை கேரளா வீழ்த்துச்சு. ரயில்வேஸ்னா நாடு முழுக்க இருந்து வேலை கொடுத்துத் திரட்டின அணி, பெஞ்சுல உட்கார்றவங்ககூட தேசிய அளவு பிளேயர்கள். கேரளாகிட்ட வயநாட்டு பி.எஸ். ஜீனா இருந்தார். ஒரு பெரிய ஸ்டார் இல்லாம இப்படிப்பட்ட அணியைத் தாண்டுறது ரொம்பக் கஷ்டம். ஆக, ஸ்டார் வேண்டாம்னு நான் சொல்ல வரல. ஸ்டார் மட்டும் போதாதுன்னுதான் சொல்றேன்.

நம்ம ஊர் போட்டிகள்ல இன்னும் ரெண்டு விஷயம் சேரும். ஒண்ணு, தினமும் மேட்ச். என்பிஏ ஃபைனல்ஸ் மாதிரி நடுவுல ஓய்வு நாள் கிடையாது. லீக், குவார்ட்டர், செமி, ஃபைனல்னு நாலஞ்சு நாள்ல முடிஞ்சுடும். முதல் நாள்லேர்ந்து 40 நிமிஷமும் ஆடுற பையனுக்கு ஃபைனல்ல கால் இருக்காது. ஷாட் வளையத்தோட முன் விளிம்புல இடிச்சுத் திரும்புதுன்னா பல நேரம் அதுக்குக் காரணம் பதற்றம் இல்ல, கால் களைச்சுப் போனதுதான்.

ரெண்டாவது, யாரும் வெளிப்படையா பேசாத விஷயம். நம்ம பக்கத்துல பாஸ்கெட்பால் ஒரு வேலைக்கான வழி. காலேஜ் சீட், அப்புறம் ரயில்வே, பேங்க். இந்தியாவுக்குப் பல வருஷம் ஆடி, 2021ல பத்மஸ்ரீ வாங்கின சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். டேனரியில வேலை பாக்குற அப்பாவோட பையனுக்கு இது பெரிய கதவு. தேர்வு பண்ண வர்றவர் ஒரே ஒரு மேட்ச் பார்க்கிறார், அவர் கையில ஸ்கோர் ஷீட் இருக்கு. அதுல பாயிண்டுக்குக் கட்டம் இருக்கு. சரியான நேரத்துல பாஸ் கொடுத்ததுக்கும், ஃப்ரீயா நிக்கிற இடத்துக்கு ஓடினதுக்கும் கட்டம் இல்ல. அப்போ பையன் ஷூட் பண்ணத்தான் செய்வான். அதை சுயநலம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

'பெரிய மேட்ச் பிளேயர்' ஒருத்தர் உண்டா?

ஒரு பிளேயர் வழக்கமா நூத்துக்கு 45 ஷாட் போடுறவர்னு வைங்க. ஒரு மேட்ச்ல 20 ஷாட் எடுத்தா 9 போகணும். ஆனா காசு சுண்டிவிட்டா பத்துக்குச் சரியா அஞ்சு தலை விழுறதில்லையே. 7 போனாலும் 11 போனாலும் அது சாதாரண ஏற்ற இறக்கம். ஆள் அதே ஆள், திறமை அதே திறமை. ஆனா 7க்கும் 11க்கும் நடுவுல 8 பாயிண்ட் இருக்கு. 11 போன அன்னைக்கு ஃபைனலா இருந்தா "பெரிய மேட்ச் பிளேயர்". 7 போன அன்னைக்கு ஃபைனலா இருந்தா "சொதப்பிடுவான்". ஒரே ஒரு மேட்ச்சை வெச்சு ஒருத்தருக்கு ஆயுசுக்கும் பேர் வைக்கிறோம்.

இதுலேர்ந்தே பதிலும் கிடைக்குது. ஒரு சாயங்காலம் மட்டும்னா, முடியும். ஸ்டாருக்கு எல்லாம் உள்ளே விழுற நாளா அமைஞ்சா, நாக்கவுட்ல ஒரு ஆள் அணியைத் தூக்கிடலாம். தொடர்ந்து மூணு நாலு ஆட்டம், படிச்சுட்டு வந்த எதிரணி, களைச்ச கால்னா, பெரும்பாலும் முடியாது. அப்ப மூலையில நிக்கிற நாலாவது, அஞ்சாவது ஆள்தான் முடிவு பண்றார்.

அந்த 40 வினாடி

சரி, நான் ஆரம்பத்துல ஒரு விஷயத்தை முழுசா சொல்லல.

அந்த ஃபைனல்ல கடைசி 40 வினாடியில கேப்டன் மேல ரெண்டு பேர் வந்தாங்க. அவன் பார்த்தான், சரியா பாஸ் கொடுத்தான். இடது மூலை. பக்கத்துல ஆளே இல்ல. பால் கைக்கு வந்தவன் ஷூட் பண்ணியிருக்கணும். பயந்துட்டு அவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்த ரெண்டு பேரும் அங்கேயே நின்னுட்டு இருந்தாங்க, பறிச்சுட்டாங்க.

இடது மூலையில நின்னது நான்.

ஸ்கோர் ஷீட்ல அது கேப்டனோட டர்ன்ஓவர். எட்டு வருஷமா ஊரும் அப்படித்தான் பேசுது, அவனும் அப்படித்தான் நினைக்கிறான். நான் ஒரு தடவைகூட வாயைத் திறக்கல. இந்த எபிசோடுக்குக் குறிப்பெடுக்கும்போதுதான் எனக்கே உறைச்சுது: அன்னைக்கு சரியான முடிவு எடுத்தவன் அவன்.

அவனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, பின்னாடி மிஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் கேட்டான்: "ஏன்டா போடல?" பயம்டான்னேன். "சரி, ஞாயித்துக்கிழமை வா. பையனுக்கு நீயே சொல்லு."

போனேன். பையன் 14 வயசு, மாமாவை விட உயரம். நான் சொன்னது இவ்வளவுதான்: உன் மேல ரெண்டு பேர் வந்தா பாஸ் கொடு, அது தோல்வி இல்ல. ஆனா பிராக்டிஸ்ல தினமும் உன் டீம்ல மூலையில நிக்கிறவனுக்கு அம்பது பாஸ் கொடுத்து, அம்பது ஷாட் போட வை. ஃபைனல்ல திடீர்னு கொடுத்தா அவன் கை நடுங்கும். எனக்குத் தெரியும்.

உங்க டீம்ல யார் மூலையில நின்னாங்க, என்ன ஆச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.